நடுவயதுக்கு நான் சொன்ன வைத்தியம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மனித வளர்ச்சிப் பருவங்கள் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். பிறந்ததில் ஆரம்பித்துச் சாகிறவரை அரை மணியில் முடித்துவிட்டேன். பரிப்புவடை ஆறுவதற்குள் முடித்தேன் என்று உங்கள் மேற்பார்வையாளருக்கு ரொம்பச் சந்தோஷம். நீங்களும் குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்தீர்கள். நான் சொன்ன ஒன்றைக்கூட யாரும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் உறுத்தியது. ஒரு காலத்தில் நானும் அப்படிக் குறிப்பெடுத்தவள்தான். அதனால் ஒரு பெண் என்னிடம் என்ன பாடு பட்டார் என்பதை அந்த அரை மணியில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வடை ஆறிப்போயிருக்கும். அதனால் எழுதித் தருகிறேன்.

நடந்தது எழுபதுகளில். எனக்கு இருபத்தேழு வயது. மதராஸில் சமூகப்பணி படித்துவிட்டு, பதக்கம் எதுவும் வாங்காமலே பதக்கம் வாங்கியவளின் நடையோடு திருவனந்தபுரத்துக்குத் திரும்பியிருந்தேன். வீடு வலியசாலையில். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஓர் ஆஸ்பத்திரியில் ஆலோசகர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பெற்றதில்லை, ஒரு பிரசவத்தைக் கிட்டே நின்று பார்த்ததுகூடக் கிடையாது. ஆக, பெண்களுக்கு அறிவுரை சொல்ல எல்லாத் தகுதியும் இருந்தது.

எனக்கு ஒதுக்கிய அறை, பழைய கட்டில்களை அடுக்கிவைத்திருந்த ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சுவர் வெறுமையாக இருந்ததால் பெரிய சார்ட் காகிதம் வாங்கி, மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிற மை போட்டு ஒட்டிவைத்தேன். யார் கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் அவர்கள் வயதைக் கேட்பேன். பிறகு சுவரைப் பார்ப்பேன். அவர்கள் முகத்தைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

செண்பகம் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மண்டி வைத்திருந்த சங்கரலிங்கம் என்பவரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வயது. மகன் வளர்ந்து அப்பாவோடு கடையில் இருந்தான். மகள் கோமதியை முந்தின வருஷம் நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஓ.பி.யில் அவரைப் பார்த்தவர், பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டர். ஆண். சோதனை மேசையில் படுக்க மாட்டேன் என்று செண்பகம் சொல்லிவிட்டார். வெளியே எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளை சீட்டில் இருந்த வயதைப் பார்த்தார். மூன்று மாதமாகத் தீட்டு இல்லை, தூக்கமில்லை, சோர்வு, காரணமில்லாமல் அழுகை என்று சொன்னதைக் கேட்டார். மாதவிடாய் நிற்கும் பருவம், ஆலோசனை தேவை என்று எழுதி என்னிடம் அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். எனக்குக் கிடைத்தது ஐந்து புதன்கிழமை.

செண்பகம் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. காதுக்கு இனிமையாக இருந்தது.

முதல் புதன்கிழமை அவர், வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். காலையில் எண்ணெய் வாசம் பட்டாலே புரட்டுகிறதாம். மனத்தின் பாரம் வயிற்றில் இறங்கும் என்று நான் விளக்கினேன். மகனும் மகளும் வளர்ந்து விலகிவிட்ட பிறகு வீடு எப்படி வெறுமையாகிவிடும், அந்த வெறுமை ஒரு தாயின் உடம்பில் எப்படியெல்லாம் வெளிப்படும் என்று இருபது நிமிஷம் பேசினேன். அவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. என் பேச்சு மனத்தைத் தொட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டேன். அது குமட்டலை அடக்கியதால் வந்த கண்ணீர்.

இரண்டாம் புதன்கிழமை, கோமதியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, அவள் உண்டாகியிருக்கிறாள் என்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "அவளுக்கு எப்படி இருக்கோ, எனக்கும் அப்படித்தான் இருக்கு டாக்டரம்மா" என்றார்.

இதைவிட ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து, 'மகளோடு தன்னை ஒன்றிப் பார்க்கிறார்' என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். பாடத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. மகளின் இளமை, தாயின் இழப்பு, இரண்டும் சந்திக்கும் இடம் என்றெல்லாம் முழுதாக ஒன்றரைப் பக்கம். அந்த மாதம் பயிற்சிக்கு வந்த மாணவிகளுக்கு அந்த ஒன்றரைப் பக்கத்தை, நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக வாசித்துக் காட்டினார்கள். நான் பக்கத்தில் அடக்கமாக நின்றேன்.

மூன்றாம் வாரம், இந்த வயதில் ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். வயதாகிற பயம், சாவு பற்றிய பயம் என்று எடுத்துக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது, நாற்பத்திரண்டு ஒரு வயதா என்று தைரியம் சொன்னேன். கையும் மனமும் சும்மா இருக்கக் கூடாது, மாதர் சங்கத்தில் தையல் வகுப்பு நடக்கிறது, சேருங்கள் என்றேன்.

அவர் உண்மையிலேயே சேர்ந்துவிட்டார். நான்காம் வாரம் தைத்ததைக் கொண்டுவந்து காட்டினார். பழைய மல் வேட்டியில் தைத்த குட்டிச் சட்டைகள், முதுகில் நாடா வைத்தவை. இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே அளவு.

ஒரு பேரனுக்கு இரண்டு எதற்கு என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டு வேணும்லா" என்றார்.

நான் மாற்றுச் சட்டை என்று நினைத்தேன். 'பேரக்குழந்தையை எதிர்நோக்குகிறார், நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். இன்னும் இரண்டு வாரத்தில் இவரை முழுதாகக் குணப்படுத்தி அனுப்பிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஐந்தாம் புதன்கிழமை என் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. சாரதா என்றொரு அட்டெண்டர் இருந்தாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே விடுவது அவள் வேலை. ஐந்து பெற்றவள், பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவள் செண்பகத்துக்குக் குடிக்கச் சுடுவெள்ளம் கொடுத்து, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், கர்ப்பிணிகள் நிற்கும் வரிசையில் முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அது தப்பான வரிசை என்று நான் சொன்னேன். என் குரலில் அதிகாரம் இருந்தது.

சாரதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊரில் பெண்களையும் சார் என்று கூப்பிடுவது வழக்கம். "இது தன்னே வரிசை சாரே. நாலு மாசம் தாண்டிப்போச்சு" என்றாள்.

எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டேன். முதல் நாள் இந்த அம்மா வாசற்படி ஏறும்போதே தெரியும் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியுமாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எல்லா புதனாழ்ச்சையும் கதவடைச்சு அரை மணிக்கூர் பேசுறீங்களே, அதைப் பத்தியாக்கும் பேசுறதுன்னு நான் விசாரிச்சு" என்றாள்.

அவள் பாஷையில் விசாரித்தேன் என்றால் நினைத்தேன் என்று அர்த்தம். தமிழில் விசாரிப்பது என்றால் கேட்பது. இரண்டு பாஷையிலும் நான் விசாரிக்கவில்லை.

அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். நடுவயதுக் கட்டத்தில், பச்சை மையில், 'அடுத்த தலைமுறையை உருவாக்குதல்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஐந்து வாரமாக அவர் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது செண்பகத்தைப் பற்றிய கவலை இல்லை, என் குறிப்புகளைப் பற்றிய கவலை. மாதிரியாக வாசிக்கப்பட்ட அந்தப் பக்கங்களை அன்று மத்தியானம் கிழிக்க எடுத்தேன். அதே நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். மகப்பேற்றுப் பிரிவுக்குத் தலைவி. அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்கு நல்லதாக இருக்காது. என் கையிலிருந்த தாள்களை வாங்கி, நின்றபடியே படித்தார். இரண்டு கோடு போட்ட இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"தமிழ் நன்றாக இருக்கிறது" என்றார். கிழிக்க வேண்டாம், அடுத்த பக்கத்தில் இன்றைக்குத் தெரிந்ததை எழுதி இதோடு சேர்த்துக் கட்டி வை, பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்கு அந்தப் பக்கங்களைத் தின்னச் சொல்லியிருக்கலாம்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். செண்பகத்தைச் சோதித்துப் பார்த்தாயிற்று. பதினெட்டு வாரம் இருக்கும். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். இந்த வயதில் பிரசவம் ஆபத்தில்லாதது என்று சொல்ல முடியாது. கர்ப்பம் வேண்டாம் என்று நினைக்கிற பெண் முறையாக ஆஸ்பத்திரியிலேயே கலைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் அதற்கு மாதக் கணக்கு உண்டு. எதுவானாலும் இந்த வாரத்துக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றார். நான் வீணடித்த ஐந்து வாரத்தை அவர் வாயால் சொல்லவில்லை. கணக்கு எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் சங்கரலிங்கம் வந்தார். கையில் மிளகாய் நெடி. என் அறையில் நுழைந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. அவர் தன்னைக் கண்டு நான் ஏளனம் செய்வதாக நினைத்துக்கொண்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துப் பேசினார். மகள் மாசமாக இருக்கிறாள். ஏழாம் மாசம் வளைகாப்புக்குப் போய் நிற்க வேண்டும். தாயும் மகளும் ஒரே மாதிரி வயிற்றோடு நின்றால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி முழிக்க? ஆரியசாலையில் கடை திறக்க முடியுமா? ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

செண்பகம் பக்கத்தில் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. முந்தின நாள் பட்ட அவமானத்தைத் துடைக்க எனக்கு அவசரம். இந்தத் தடவை எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வயது, வெட்கம், உடம்பில் ஆபத்து, மகளின் கௌரவம். இந்தப் பெண்ணுக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமென்ன? விண்ணப்பத்தை எடுத்து மளமளவென்று நிரப்பினேன். சங்கரலிங்கம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சூடு ஆறுவதற்குள் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வயிறு இவருக்கா?" என்று கேட்டார்.

சட்டப்படி அந்த ஆளின் கையெழுத்து தேவையே இல்லை. தேவைப்பட்ட ஒரே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. ஒரே பெண்ணிடம் ஒரே தப்பை இரண்டாம் தடவை செய்திருந்தேன். முதல் தடவை அவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். இரண்டாம் தடவை அவருக்கு என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். அனுபவம் ஒருவருக்குப் பாடம் கற்றுத்தரும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சங்கரலிங்கத்தைச் சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். செண்பகத்தை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. நாக்கு தானாக எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

 அவர் மெதுவாக ஆரம்பித்தார். பதினாறு வயதில் கல்யாணம். அப்போது யாரும் கேட்கவில்லை. பதினேழில் மகன், அப்புறம் மகள், அப்போதும் கேட்கவில்லை. இரண்டு போதும் என்று முடிவு செய்தபோதும் கேட்கவில்லை. இப்போது இது தானாக வந்திருக்கிறது. முதல் ஒரு மாதம் செத்துப்போகலாமா என்றுகூட இருந்தது. பிறகு வயிற்றில் அசைவு தெரிய ஆரம்பித்தது.

"எனக்கு இது வேணும்னுதான் தோணுது. ஆனா கோமதிக்குத் தெரியாம வச்சுக்கவும் மாட்டேன், கலைக்கவும் மாட்டேன். அவ கிட்டச் சொல்லணும். எனக்குத் தனியாச் சொல்லத் தைரியமில்ல, நீங்க வாரீகளா?" என்றார்.

மகளிடம் அனுமதி கேட்கும் தாயைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு நல்ல சொல் உண்டு. நினைவுக்கு வந்தது. எழுதவில்லை. வருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினோம். சங்கரலிங்கத்திடம், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் செண்பகம் சொல்லியிருந்தார். நெய்யாற்றின்கரை வருவதற்குள் அவருக்கு ஒரு தடவை வாந்தி. களியக்காவிளையில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு எனக்கு. வளைவுகளில் பஸ்ஸை அப்படி ஓட்டினார்கள். மார்த்தாண்டம் தாண்டியபோது அவர்தான் எனக்கு நாரத்தங்காய் ஊறுகாய்த் துண்டு கொடுத்து ஆற்றுப்படுத்திக்கொண்டு வந்தார். ஆலோசனை சொல்ல வந்தவள் அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கோமதிக்கு இருபது வயது. அம்மாவை முன்னறிவிப்பில்லாமல் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். அவளை அடுக்களைக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், செண்பகம் நேராகச் சொல்லிவிட்டார். நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த முன்னுரைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கோமதி அவமானப்படுவாள், அழுவாள், ஊர் சிரிக்கும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவள் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கியது. ஆறு வயதுப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது.

"அப்போ என்னை யாரு பாப்பா?" என்றாள்.

அவ்வளவுதான். ஊர் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் அம்மா தலைக்கு ஊற்றுவாள், பத்தியம் வைப்பாள், ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொண்டு தூங்கச் சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா இப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்துவிடப் போகிறாள். நான் வந்து உனக்குப் பத்தியம் வைக்கவா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். செண்பகமும் அழுதார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். எல்லோரும் யாருக்குப் பயந்துகொண்டிருந்தார்களோ அவரேதான். கனத்த உடம்பு, காதில் கல்தோடு, இடுப்பில் சாவிக்கொத்து. அழுகிற இரண்டு பேரையும் பார்த்தார், செண்பகத்தின் இடுப்பைப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாரதாவைப் போல அவருக்கும் கண் இருந்தது.

"எத்தனையாம் மாசம் மதினி?" என்று கேட்டார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவர் விரல் விட்டு எண்ணி, முதலில் உமக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இவளுக்கு என்று கணக்குச் சொன்னார்.

பிறகு, "அண்ணாச்சிக்குக் கடையில ஏவாரம் கொறைவோ?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை அதற்குப் பிறகு பல வருஷம் எல்லா விசேஷத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அறிந்தேன். விட்டுக்கொடுக்கிற மனுஷி இல்லை. ஆனால் அன்று அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். தன் மருமகளின் பேறுகாலத்துக்குத் தானே ஆரியசாலைக்கு வந்து பத்து நாள் இருப்பதாகவும், அங்கே அடுக்களையில் தன் சொல்தான் நடக்க வேண்டும் என்றும் சோற்றில் குழம்பை ஊற்றும்போதே நிபந்தனை போட்டுவிட்டார். கோமதி சாப்பிடும்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கிளம்பும்போது மட்டும் அம்மாவின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவளுக்கு வாய்க்கசப்புக்கு மாமியார் செய்துகொடுத்திருந்த நெல்லிக்காய் வற்றல். அதில் பாதி.

திரும்பும் பஸ்ஸில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பாறசாலை தாண்டியபோது செண்பகம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அந்தக் காகிதத்தை நாளைக்குக் கிழித்துவிடச் சொன்னார். அதைக் கிழிக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

சங்கரலிங்கம் நான்கு நாள் வீட்டில் பேசாமல் இருந்தார். நாகர்கோவிலுக்குத் தெரிந்துவிட்டது என்றதும் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆரியசாலையில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மிளகாய் விலை ஏறியது. எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். ஒரு குடும்பத்தின் மானம் எவ்வளவு நாள் பேச்சுக்குத் தாங்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கும் பருவ அட்டவணைக்கும் நல்ல பொருத்தம். பெரிய டாக்டர் பயந்ததுபோலவே எட்டாம் மாசத்தில் செண்பகத்துக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கை கால் முகமெல்லாம் வீங்கி, கண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. வார்டில் சேர்த்துப் படுக்கவைத்துவிட்டார்கள். நான் தினம் போய்ப் பார்த்தேன். இவர் பிழைக்காமல் போனால், ஐந்து வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பாரோ என்ற கேள்வி என்னை விடாது என்று தெரிந்திருந்தது. அவருக்கு வேண்டும் என்பதை நான் கேட்டுக்கொண்டேன், சரி. ஆனால் யோசிக்க அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாட்களை நான் பேசியே தீர்த்திருந்தேன்.

வளைகாப்பு முடிந்து கோமதி வந்திருந்தாள். தன்னை யார் பார்ப்பார்கள் என்று அழுதவள், தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினம் ஆரியசாலையிலிருந்து உப்பில்லாக் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துவிடுவாள். பிடித்துக்கொண்டே திட்டுவாள். பார்வை நேரத்தில் சங்கரலிங்கம் வராந்தாவில் நிற்பார். உள்ளே வர வெட்கம். பிளாஸ்க்கை சாரதாவிடம் கொடுத்துவிட்டு, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு காலையில் இனிமேல் காத்திருக்க முடியாது என்று பெரிய டாக்டர் முடிவு செய்து, வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார். பெண். எடை குறைவு, ஆனால் குரல் குறைவில்லை. செண்பகத்துக்கு முழுதாக நினைவு திரும்ப மறுநாள் ஆயிற்று. அதுவரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது கோமதி. அவள் வயிறு பெரிதாக இருந்ததால் மடியில் இடமில்லை. முழங்கால் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சங்கில் பால் புகட்டுவது என்று சாரதா சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரம் கழித்துத் தன் மகனைக் கையில் வாங்கியபோது அவளுக்கு எல்லாம் பழகியிருந்தது. சம்பந்தியம்மாளின் விரல் கணக்கு மட்டும் தப்பிப்போயிற்று. அதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செண்பகம் வீட்டுக்குப் போகிற நாளில் நான் வார்டுக்குப் போனேன். குழந்தைக்கு அந்த நாடா வைத்த சட்டை போட்டிருந்தார். இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. பல மாதமாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்பதா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டேன். முதல் வாரமே, நான் உண்டாகியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

அவர் குழந்தையின் தலையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே, எனக்கு மனம் நோகக் கூடாது என்கிற கரிசனத்தோடு சொன்னார்:

"சொல்லத்தான் வந்தேன் டாக்டரம்மா. நீங்க பேசிட்டிருந்தீக."